பாதி டேங்க்

போன மாதம் இறந்த கணவரின் பழைய ஸ்போர்ட்ஸ் காரை விற்க, மெக்கானிக் சவரிமுத்துவை வரவழைத்திருந்தாள் மரகதவல்லி. அவர் சக்கரங்களின் உள்பக்கத் துருவைச் சுரண்டி, பொறித்திருந்த எண்களைப் படித்தார்.

"நாலும் கார்கூட வந்த சக்கரந்தாம்மா."

பிறகு மீட்டர்களைப் பார்க்கச் சாவியைத் திருப்பினார். பெட்ரோல் முள் பாதியில் நின்றது. டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்த்தார்.

"டேங்க் காலி. ஆனா பாதின்னு காட்டுது. உள்ள முள்ளை நகர்த்துற மிதவை சிக்கியிருக்கு, ரொம்பப் பழைய கோளாறு."

காய்ச்சலில் துவண்ட மகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று, பெட்ரோல் தீர்ந்து இந்தக் கார் பாதி வழியில் நின்றுவிட்டது. குழந்தை பிழைக்கவில்லை. "மீட்டர் பாதி காட்டுச்சு, மரகதம்" என்று கணவர் அழுததை அவள் நம்பவேயில்லை. பதினெட்டு வருஷம் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மரகதவல்லி கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள்.

"என்னங்க" என்று மெல்லக் கூப்பிட்டாள்.

"சொல்லுங்கம்மா" என்று திரும்பினார் சவரிமுத்து.