நாற்பது நிமிட வேலை

"ஓடிட்டு இருக்கும்போதே கழட்டுவீங்களா, இல்ல நிறுத்திட்டா?" என்று கேட்டார் சிவப்புக் காரின் சொந்தக்காரர்.

காருக்கு அடியிலிருந்து கடிகாரக்காவின் குரல் வந்தது. "ஓடற இன்ஜின்ல யாராவது கை வைப்பாங்களா சார்? நிறுத்தி, சூடு ஆறவிட்டுத்தான் கழட்டணும்."

"நிறுத்தினா மறுபடி ஓடும் இல்ல?"

அவள் தலையை வெளியே நீட்டி அவரைப் பார்த்தாள். ஐம்பத்தைந்து வயது ஆள். இரண்டே பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை ஆசை ஆசையாக ஓட்டுகிறவர். அவர் கேட்கிற கேள்வியா இது?

"மாத்தாம அப்படியே ஓட்டினா?" என்றார் விடாமல்.

"ஓட்டலாம். எத்தனை நாளைக்குன்னு மட்டும் யாராலயும் சொல்ல முடியாது."

"அவரும் அதையேதான் சொன்னார்."

"யாரு சார்?"

"வேற ஒருத்தர். இந்த வேலையில பெரிய ஆள்."

கடிகாரக்காவுக்குச் சுருக்கென்றது. இன்னொரு மெக்கானிக்கிடம் கேட்டுவிட்டா தன்னிடம் வந்திருக்கிறார்?

பட்டறை அவளுடையது. பெற்றவர்கள் வைத்த பெயர் இங்கே யாருக்கும் தெரியாது. ஆறு மணிக்கு என்று சொன்னால் ஆறு மணிக்கு வண்டி தயாராக நிற்கும், அதனால் கடிகாரக்கா. வாசல் கரும்பலகையில் எந்த வண்டி எப்போது ரெடி என்று சாக்பீஸால் எழுதி வைப்பாள். பதினான்கு வருஷத்தில் அதில் ஒரு பொய் எழுதியதில்லை. அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் அவள் இத்தனை பாடுபடுகிறாள்.

கோளாறு சின்னது. ஆயில் பிரஷரைக் காட்டுகிற சென்சார், கட்டைவிரல் அளவுதான் இருக்கும். அதன் இடுக்கில் எண்ணெய் கசிந்து இன்ஜினின் பக்கவாட்டில் வழிந்திருந்தது. பழசைக் கழற்றினாள். இடத்தைத் துடைத்து, புது வாஷரோடு புதுசை முறுக்கி, ஒயரைச் செருகினாள். வண்டியைக் கிளப்பிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. மொத்தம் நாற்பது நிமிடம்.

"ரெடி சார். எடுத்துட்டுப் போகலாம்."

"வேண்டாம்மா. பத்து நாள் இங்கயே இருக்கட்டும்."

"எதுக்கு சார்?"

"என் வீட்டுக்காரி வந்து கேட்டா, இந்த சென்சார் இங்க கிடைக்கல, அதை வாங்க நானே வெளியூர் போயிருக்கேன், வர பத்து நாள் ஆகும்னு சொல்லிடுங்க." சொல்லும்போது அவர் கண் தரையைப் பார்த்தது.

"கட்டைவிரல் சாமானுக்குப் பத்து நாளா? கேட்கறவங்க என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க சார். நான் யாருக்கும் காது குத்தினதில்ல."

"இந்த ஒரு தடவைம்மா. தயவு செஞ்சு." கையெடுத்தே கும்பிட்டுவிட்டார்.

அவள் வேண்டாவெறுப்பாகப் பலகையில் எழுதினாள்: சிவப்பு வண்டி, பத்து நாள். அவரோ காரின் டிக்கியிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை எடுத்துக்கொண்டு, வந்து நின்ற டாக்சியில் ஏறிப் போய்விட்டார்.

பெட்டி. பத்து நாள். வீட்டுக்குத் தெரியக்கூடாது. முதலில் குழம்பிய கடிகாரக்காவுக்கு அப்புறம்தான் பொறி தட்டியது. இந்த வயதில் எங்கேயோ இன்னொரு பொம்பளை! அந்தக் கூத்துக்கு அவளும் உடந்தையா? அன்றைக்கு முழுவதும் ஸ்பானர் அவள் கையில் நிற்கவில்லை.

மறுநாள் மதியம் ஒரு அம்மாள் வந்து நின்றாள். கையில் துணிப்பை, முட்ட முட்டத் துணிமணி.

"அந்தச் சிவப்பு வண்டி எங்களோடதும்மா. என்ன கோளாறு?"

கடிகாரக்கா கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள். "பிரஷர் சென்சார்ல லீக்மா." இதுவரைக்கும் உண்மைதான்.

"கவனிக்காம விட்டா?"

"திடீர்னு ஒரு நாள் நின்னு போயிடும்."

அந்த அம்மாள் அங்கே கிடந்த டயர் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "நிறுத்திட்டுத்தான் மாத்துவாங்களாம்மா? நிறுத்தினா மறுபடி ஓடும் இல்ல?"

புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டா கேட்கிறார்கள்? கடிகாரக்காவுக்கு மண்டை காய்ந்தது. அதற்குள் அந்த அம்மாளின் கண்கள் நிரம்பி வழிந்தன. ஒரு காருக்காக யாராவது அழுவார்களா? இல்லை, எல்லாம் தெரிந்துபோய்ப் பையோடு வீட்டை விட்டே கிளம்பி வந்துவிட்டாளா?

அதற்கு மேல் பொய்யைக் கட்டிக் காக்க அவளால் முடியவில்லை.

"என்னை மன்னிச்சிடுங்கம்மா. வண்டி நேத்தே ரெடி. நாப்பது நிமிஷ வேலை. பத்து நாள்னு சொல்லச் சொன்னது உங்க வீட்டுக்காரர்தான். பெட்டியோட டாக்சியில போனார். எங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியும்மா. நானும் இப்ப அங்கதான் போறேன்."

"போங்க, வேண்டாங்கல. ஆனா எடுத்த எடுப்பிலேயே சண்டை போடாதீங்க. முதல்ல அந்தப் பொம்பளை யாருன்னு..."

"எந்தப் பொம்பளை?" அழுதுகொண்டிருந்தவள் சிரித்தேவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பைக்குள் கைவிட்டு நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினாள். மேலே ஒரு ஆஸ்பத்திரியின் பெயர் இருந்தது.

"அவர் சட்டையைத் துவைக்கப் போட்டப்ப பாக்கெட்ல கிடைச்சுது. நாளைக்குக் காலையில அவரோட இதயத்தை நிறுத்திட்டு, லீக் ஆகற வால்வை மாத்தப் போறாங்க. சொன்னா எனக்கு பிரஷர் ஏறிடும்னு மறைக்கிறாரு. ஆபரேஷன் முடியற வரைக்கும் அவர் கண்ணுல படாம அங்கயே இருக்கப் போறேன். நான் இங்க வந்தேனான்னு கேட்டு சாயந்திரம் உனக்கு போன் பண்ணுவாரும்மா... நான் வந்து விசாரிச்சேன், நீ சொன்னதை அப்படியே நம்பிட்டேன்னு சொல்லிடு."