மேல்தோட்டம், கீழ்த்தோட்டம்

குந்தா மலையில் பச்சைத் தேயிலை விலை விழுந்த வருடம். யூரியாவுக்கு வழியில்லாமல் ஆறுக்குட்டி விவசாய ஆபீசில் உயிர் உரப் பாக்கெட்டுகள் வாங்கினார். மேல்தோட்டத்துக்கு அவர் போட்டார். கீழ்த்தோட்டத்துக்கு மனைவி மயிலாத்தாள். கீழே மட்டும் கொழுந்து தளதளவென்று வந்தது.

“எனக்குத் தெரியாம யூரியா போட்டியா?”

“சத்தியமா அதே பாக்கெட்டுதானுங்க.”

நம்பாமல் விவசாய அதிகாரியை அழைத்து வந்தார். “என் தலையில மட்டும் போலியக் கட்டிட்டீங்களா?”

“போடற வரைக்கும் எங்க வெச்சிருந்தீங்க?”

“குந்தாக் குளிருக்கு ஈரம் புடிச்சிரும்னு அடுப்புக்கு மேல பரண்ல வெச்சனுங்க. இவதான் இவ பங்க மூலையில போட்டிருந்தா.”

“அதுல இருக்கறது நுண்ணுயிருங்க. அடுப்புச் சூட்டுல எல்லாம் செத்திருக்கும்.”

மயிலாத்தாள் கணவரைப் பார்த்தாள். “என்னோடதையும் பரண்ல வெக்கத்தான் கேட்டனுங்க. எடமில்லீன்னு நீங்கதான் தள்ளி உட்டீங்க.”