தொப்பி இல்லாத மழைக்கோட்டு

கடையின் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் அவள் ஐந்தாவது மழைக்கோட்டைப் போட்டுப் பார்க்கிறாள். வெளியே மழை விட்டபாடில்லை. வாசல் மிதியடியில் அவளுடைய கிழட்டு நாய் ஈரத்தோடு சுருண்டு கிடக்கிறது. "ஆபீஸ் போறதுக்காக்கா?" என்கிறாள் விற்பனைப் பெண். "இல்லம்மா, தினமும் விடியக்காலையில இதை வாக்கிங் கூட்டிட்டுப் போக." தொப்பியை இழுத்து மாட்டுகிறாள். தலையைத் திருப்பினால் தொப்பி கூடவே திரும்புவதில்லை. பக்கவாட்டில் வெறும் துணிதான் தெரிகிறது. "எனக்குப் பின்னாடி கொஞ்சம் நடந்து வர்றியா?" அந்தப் பெண் ஏன் என்று கேட்காமல் துணி வரிசையின் கடைசிக்குப் போகிறாள். இவள் நடக்கிறாள். மூன்று நாளாக விடியக்காலைத் தெருவில் தன்னைப் பின்தொடரும் யாரோ ஒருவரின் காலடிச் சத்தத்தை நாய் கண்டுகொள்ளவே இல்லை. அதற்குக் காது போய் ஒரு வருடமாகிறது. இவள் காதுக்குள் இப்போது கோட்டின் சரசரப்பு மட்டும்தான். "வந்துட்டேன்கா" என்று தோளருகில் குரல் எழும்போது அவளுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது. தொப்பியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதைத் தனியே எடுத்து மேஜைமேல் வைக்கிறாள். "தலை நனையுமேக்கா." "நனையட்டும்." விற்பனைப் பெண் சுவர் ஆணியில் ஈரம் சொட்டத் தொங்கும் தன் கோட்டைக் காட்டுகிறாள். அதன் கழுத்தைச் சுற்றிலும் பொத்தான்கள் மட்டும் இருக்கின்றன, தொப்பி இல்லை.