அடியில் தேங்கியது

புல்வெட்டும் மெஷின் மூன்றாம் முறையாகப் பட்டறைக்கு வந்தபோது, மெக்கானிக்குக்கு எரிச்சல் மூண்டது. மெஷினால் அல்ல, அதைக் கொண்டுவந்த வெள்ளைச் சட்டைக்காரரின் வாயால்.

“கார்புரேட்டரைக் கழுவினியா, இல்ல கையை மட்டும் கழுவினியா? ஸ்டார்ட் ஆகுது, உடனே உயிரை விடுது. நீ ஃபிராடுன்னு ஊர் பூரா சொல்லப்போறேன்!”

காத்திருந்த வாடிக்கையாளர்களில் ஒருவர் தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு கிளம்பியே விட்டார்.

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு பெட்ரோல் குழாயைக் கழற்றி ஊதினார். அடைப்பில்லை. ஃபில்டரும் சுத்தம். டேங்கில் இருந்ததைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, அசையாமல் வைத்தார். சற்று நேரத்தில் பெட்ரோல் மேலே நிற்க, அடியில் தண்ணீர் தனியாகத் தேங்கியது.

“பாருங்க சார். பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கான். த்தூ! இப்படிச் சம்பாதிச்சுத் தின்னா உடம்புல ஒட்டுமா? எந்த பங்க்னு சொல்லுங்க, இப்பவே போய்ச் சட்டையைப் பிடிப்போம்.”

வெள்ளைச் சட்டைக்காரர் வாசலுக்கு ஒதுங்கி, போனை எடுத்தார். குரலைத் தாழ்த்தத்தான் பார்த்தார், கோபம் விடவில்லை.

“டேய் மேனேஜர், நம்ம வீட்டு மெஷினுக்கு அந்த டேங்க்ல பிடிக்காதேன்னு எத்தனை தடவைடா சொல்லியிருக்கேன்? அது கஸ்டமருக்குடா!”