நிற்காத சைபர்

கம்பெனியில் நடக்கும் கம்ப்யூட்டர் வகுப்பில், பத்து என்ற எண்ணை வெறும் ஒன்றும் சைபருமாக மாற்ற ஒரு புரோகிராம் எழுதச் சொன்னார்கள். இரண்டால் வகுத்து மீதியை எழுதிவிட்டு, வந்த ஈவை மறுபடி வகுக்க வேண்டும். நான் ஈவை எடுக்க மறந்து, பத்தையே திரும்பத் திரும்ப வகுக்கவிட்டேன். திரை முழுக்கச் சைபராக ஓடியது, நிற்கவே இல்லை.

"யோவ் சென்றாயா, பத்து வருசமா பிரேக் செய்யறவனுக்கு பிரேக் போடத் தெரியலியே!" என்றார் கூட வேலை பார்க்கும் ஜெயமணி அண்ணன். வகுப்பில் இருந்த முப்பது பேரும் சிரித்தார்கள். நானும்தான்.

எங்கள் ஓசூர் பிரேக் கம்பெனிக்கு ரோபோ வருகிறது. கம்ப்யூட்டர் தெரிந்தவன்தான் தப்பிப்பான் என்று கேன்டீனில் பேச்சு. வகுப்புப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஆபீஸ் ரஞ்சிதா மேடத்திடம் கெஞ்சி, அவர் நீட்டிய ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுச் சேர்ந்தேன். "நல்லா யோசிச்சீங்களாண்ணா?" என்று மூன்று முறை கேட்டார். என் மூளையைத்தான் சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் அவரிடம் ஓடினேன்.

"மேடம், இன்னிக்குத் தப்பாப் போட்டுட்டேன். இதுக்காக வேலையில இருந்து தூக்கிடுவாங்களா?"



"உங்களுக்கு நெசமாவே தெரியாதாண்ணா? வேலைய விட்டுப் போறவங்க வெளியில பொழச்சுக்கத்தான் இந்த வகுப்பு. நீங்க கையெழுத்துப் போட்டது ராஜினாமாவுல."

"வீட்ல ரெண்டு புள்ளைங்க மேடம். அதைக் கிழிச்சுடலாமா?"

"பெங்களூர் ஹெட் ஆபீசுல அதை ஏத்துக்கிட்டாங்க. இனி முடியாதுண்ணா."