ஒரே ஒரு ஸ்டார்

குமுளியில் நாலு நாளாக அடைமழை. வெளியே தலைகாட்டாமல் 'மூலிகைப் பட்டறை' வீடியோ கேமின் மூன்றாம் பாகத்தை ஆடி முடித்த ஜிபின், கன்ட்ரோலரைக் கட்டிலில் விட்டெறிந்தான்.

“ஜிஸ்மி, போனை எடு. நான் சொல்லச் சொல்ல ரிவ்யூ டைப் பண்ணு. ஒரே ஒரு ஸ்டார்தான்!”

மனைவி போனை எடுத்தாள்.

“முதல் ரெண்டு பாகத்துலயும் ஒரு சின்ன அறைதான். நாமளே இடிச்சு, காய்ச்சி, மருந்து செஞ்சோம். நேரம் போறதே தெரியல. கடைசிப் பாகம்னு சொல்லி உலகத்தையே தொறந்து விட்டானுவ. உள்ள ஒண்ணுமே இல்ல. டைப் பண்ணிட்டியா?”

“ம், சொல்லுங்க.”

“ஒரே மலையை நாலு பக்கத்துல இருந்து காட்டி, நாலு விதமா பேரு வெச்சிருக்கான். எங்க நின்னாலும் மூடுபனி. கடைசியில ஒரு மூலிகைக் கடையில கொண்டுபோய் எறக்கி விடுறான். சுத்த ஏமாத்து வேலை!”

ஜிஸ்மி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “இந்தக் கடைசி நாலு வரியை நான் டைப் பண்ணவே வேண்டாம். ஒருத்தர் அப்படியே போட்டிருக்காரு.”

“பாத்தியா! கேம் பக்கத்துலதானே?”

“இல்ல, உங்க ஜீப் சபாரி பக்கத்துல. போன வாரம் மலையைச் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போனீங்களே, அந்தத் திருச்சிக்காரரு.”

ஜிபின் எழுந்துபோய்க் கன்ட்ரோலரைப் பத்திரமாக எடுத்து வைத்தான்.

“நாலு ஸ்டார் போடு,” என்றான். “மூடுபனிக்கு அவன் என்ன செய்வான், பாவம்!”