இரண்டு விசில்

விசில் கேட்டது. இரண்டு முறை.

அவள் புடவைக் கொசுவத்தை உதறிவிட்டு முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினாள்.

கூடத்தில் அவர் சக்கர நாற்காலியில் இருக்கிறார். வலது கை, கால் விழுந்து எட்டு மாதம். பேச்சும் அதோடு போயிற்று. பெங்களூரிலிருந்து வந்த மகன், அம்மாவைக் கூப்பிட ஒரு பெல் வாங்கி வைக்கலாம் என்றான். விசில் இருக்கும்போது பெல் எதற்கு? அவளே பீரோவிலிருந்து எடுத்து, கயிறு கோத்து, கணவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் கண்டக்டராக ஊதிய விசில். ஒன்று என்றால் நில். இரண்டு என்றால் புறப்படு.

இப்போது இரண்டு என்றால் பாத்ரூம்.

வீட்டிலும் ஊதியவர்தான். கல்யாணமோ காதுகுத்தோ, சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று இரண்டு விசில். பக்கத்து வீடுகளில் சிரிப்பார்கள். அவள் பாதிப் புடவையைச் செருகியும் செருகாமலும் ஓடி வருவாள். இத்தனை வருடத்தில் ஒரு விசேஷத்துக்காவது கொசுவம் நேராக வைத்துக்கொண்டு போனதில்லை.

இன்று வைப்பாள்.

மறுபடி இரண்டு விசில்.

ஐந்து நிமிடம் தாங்குவார். அதற்கு மேல் முடியாது. அவளுக்கு நன்றாகவே தெரியும்.

பத்து மணிக்கு டிரைவர் சவரிமுத்து வருகிறார், டிப்போ ஆட்கள் நாலைந்து பேரோடு. பழைய சிநேகிதருக்குப் பொன்னாடை போர்த்த வேண்டுமாம். அதற்காக அவரைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, சலவை வேட்டி கட்டி உட்கார வைத்திருக்கிறாள். டயப்பர் வேண்டாம், நாலு பேர் வரும்போது புடைப்பாகத் தெரியும் என்று சொல்லிவிட்டாள். அவர் நன்றியோடு தலையாட்டினார்.

வழக்கமாக ஒரு டம்ளர் காபிதான். இன்று இரண்டு கொடுத்தாள்.

அன்று ஆண்டிபட்டி பஸ் ஸ்டாண்ட்.

அவர் பஸ்ஸில்தான் அவளும் போனாள். மகன் வயிற்றில் ஆறு மாதம். கழிப்பறையில் வரிசை. அவள் முறை வந்தபோது இரண்டு விசில் கேட்டது.

அப்படியே திரும்பி ஓடினாள். பஸ் நகர்ந்தது. ஜன்னல்களில் தலைகள் எட்டிப் பார்த்தன. அவர் பின்படியில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். ஒரு விசில் ஊதியிருந்தால் போதும். ஊதவில்லை. பெட்ரோல் பங்க் தாண்டித்தான் பஸ் நின்றது.

ஏறியபோது அவள் பாவாடை நனைந்திருந்தது.

“உனக்காக அம்பது பேரு காத்துக் கெடக்கணுமாக்கும்?” என்றார்.

பஸ்ஸே சிரித்தது. கண்ணாடியில் பார்த்து சவரிமுத்துவும் சிரித்தார். அவள் கம்பம் வரை கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே போனாள். சீட் காலியாகத்தான் இருந்தது.

அதன் பிறகு அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. மறைத்தார் என்றில்லை. மறந்துவிட்டார். அதைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஐந்தாவது மடிப்பு. ஆறாவது.

இரண்டு விசில். உடனே இன்னொரு இரண்டு. காற்று பாதி, சத்தம் பாதி.

“இந்தா வந்துட்டேன்” என்றாள். ஊக்கு தேடினாள். கையிலேயே இருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. ஆண்களின் குரல்கள். அதில் சவரிமுத்துவின் குரல் அவளுக்குத் தெரிந்தது.

கூடத்தில் ஒரே ஒரு விசில். நீளமாக.

நில்.

அன்று ஊதாத விசில்.

அவள் கண்ணாடியில் பார்த்தாள். கொசுவம் கரை மாறாமல் நேராக விழுந்திருந்தது. திருப்தியாக இருந்தது.

கூடத்துக்கு வந்தாள். நாற்காலிக்கு அடியில் தரை நனைந்து, ஈரம் கதவுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவர் இடது கையால் வேட்டியை இழுத்து மூடப் பார்த்தார். கண்கள் கெஞ்சின. விசில் வாயிலிருந்து நழுவி நெஞ்சில் தொங்கியது.

புடவை நனையாமல் தூக்கிப் பிடித்து, தாண்டிப் போய்க் கதவை விரியத் திறந்தாள்.

சவரிமுத்து குனிந்து செருப்பின் வாரோடு போராடிக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது அவருக்கும்.

“மெதுவா வாங்கண்ணே,” என்றாள். “ஒண்ணும் அவசரமில்ல.”